மாப்பிள்ளை பார்த்த நெட்வொர்க் கார்டு

கம்ப்யூட்டர் திரையில் நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். ஒரு கை பம்பின் மேல், இன்னொரு கை அந்தரத்தில். எங்கள் பம்பு தண்ணீர் தூக்குவதை வெளிநாட்டு வியாபாரிக்கு நேரலையில் காட்ட ஒத்திகை பார்த்தபோது படம் அப்படியே உறைந்துபோனது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வாடகை லேத்தில் ஆரம்பித்து, கோயம்புத்தூரில் சொந்தப் பம்பு கம்பெனி வைத்தவன் நான். பேங்க் மேனேஜரே என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி மட்டும் என்னைக் கொட்டாவி விடுகிற ஆளாக்கி நிறுத்தியிருந்தது. மறுநாள் காலை வியாபாரி பார்க்கப்போகிறார். படம் ஒழுங்காக ஓடாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்கு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தேன். மோட்டார் திணறினால் தடித்த வயர் போட வேண்டும் என்பது நான் கைச்சூடு பட்டுக் கற்றது. அதனால் கடையில் இருந்ததிலேயே தடித்த கேபிளாக வாங்கி மாட்டினேன். படம் அசையவில்லை. பெட்டிக்குள் அந்தக் கேபிள் வந்து சேரும் நெட்வொர்க் கார்டையும் விலை கூடியதாகப் போட்டேன். என் வாய் மூடவில்லை. இன்டர்நெட் லைன் பார்க்க வந்தவர், "லைன் சுத்தமா இருக்குதுங்க. உங்க பெட்டிக்குள்ளதான் என்னமோ" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள் வீட்டுக்காரர் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். கல்யாணமாகி முதல் ஆடி நோம்பி, பண்டிகை விருந்துக்கு வந்திருந்தார். ஆனால் கேட்க வழியில்லை. வாயெடுப்பதற்குள் என் சம்சாரம் தடுத்துவிட்டாள். "விருந்துக்கு வந்த மாப்பிள்ளையப் பெட்டி கழட்டச் சொன்னா, சம்பந்தி ஊட்டுல நம்மளப் பத்தி என்னங்க பேசுவாங்க?" அவள் சொன்னதும் நியாயம்தான். நான் கேட்கவில்லை. அவர் காதில் விழும்படி பெருமூச்சு மட்டும் விட்டேன். தொழிலில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பாடு முடிந்ததும், "மாமா, சும்மா கம்பெனியப் பாத்துட்டு வரலாங்களா?" என்றார் மாப்பிள்ளை.

திரையில் எதையோ தட்டிவிட்டு நாலு கோடுகளைக் காட்டினார். இந்தப் பெட்டியின் மூளைக்கு நாலு பங்கு உண்டாம். ஒரு பங்கு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது, மற்ற மூன்றும் ஊஞ்சலில் படுத்திருந்தன. "கேமராவுல இருந்து படம் துண்டு துண்டா வருதுங்க மாமா. ஒவ்வொரு துண்டு வர்றப்பவும் கார்டு மூளையக் கூப்புடுது. அதுக்குப் பேரு இன்டரப்ட்டுங்க. கைவேலையப் போட்டுட்டு எந்திரிச்சு வந்து வாங்கி வெக்கோணும். உக்காந்தா மறுபடியும் கூப்புடும். இதுல வேற எல்லாமே ஒரே ஆளத்தான் கூப்புடுது. கொஞ்சம் சேத்து வெச்சுக் கூப்புட்டா போதும், யாரோ வேணும்னே மாத்தி வெச்சிருக்காங்க" என்றார்.

மாற்றச் சொன்னது நான்தான். கேமரா மாட்டியவர், "சேத்து வெச்சுச் சொன்னாப் போதுங்களா?" என்று கேட்டபோது, வந்தவரை வந்தவுடன் 'வாங்க' என்று சொல்லாமல் வாசலில் நிறுத்தி வைப்பது எந்த ஊர் மரியாதை என்று கேட்டிருந்தேன். பொறுப்பையெல்லாம் ஒரே ஆளிடம் கொடுக்கச் சொன்னதும் நானே. நாலு பேரிடம் கொடுத்தால் யாரைக் கேட்பது? எங்கள் கம்பெனி அப்படித்தான் வளர்ந்தது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, சேர்த்து வைத்துக் கூப்பிடும்படி மாற்றி, வேலையை நாலு பங்குக்கும் பிரித்துவிட்டார். படம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடியது.

மறுநாள் காலை வியாபாரி திரையில் வந்து உட்கார்ந்தார். நான் பம்பைப் பற்றி ஆரம்பித்தவுடன் கதவு திறந்தது. "ஏனுங்க மொதலாளி, லாரி வந்துருச்சு, எங்க நிறுத்தறதுங்க?" சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினால் ஃபோர்மேன். "பெயிண்டு பச்சைங்களா, நீலமுங்களா?" அடுத்து டீக்காரர், பால் திரிந்துவிட்டதாம். இப்போது படம் நிற்கவில்லை, நான்தான் நின்று நின்று போனேன். வியாபாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மாப்பிள்ளை ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வாசலை அடைத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் ஆடிக்கு வந்த மாப்பிள்ளையை எழுந்திருங்கள் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் ஆள் பிறக்கவில்லை. ஒருவரும் உள்ளே வரவில்லை. நான் பேசிய பேச்சில் வியாபாரி அன்றே ஆர்டர் கொடுத்தார்.

மீசையை நீவிக்கொண்டு வெளியே வந்தேன். லாரி சுமை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தது. பம்புக்கு நீலம் அடித்திருந்தார்கள், நானும் நீலம்தான் சொல்லியிருப்பேன். டீயும் வந்து, குடித்தும் முடித்திருந்தார்கள். "வேற ஏதாச்சும் கேக்கோணுமா?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க மொதலாளி, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார் ஃபோர்மேன்.

பிறகு மாப்பிள்ளை பெங்களூர் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். அது நான் எடுத்த முடிவு என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கம்பெனி இப்போது இரண்டு ஷிப்ட் ஓடுகிறது. என் அறையில் ஏசி உண்டு, கதவு சாத்தியே இருக்கும். இன்று காலையிலிருந்து அதை ஒருவரும் தட்டவில்லை. கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தேன். பிறகு நானே எழுந்துபோய் அடுத்த அறைக் கதவைத் தட்டினேன். யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை உடனே போனை வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க மாமா. என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை" என்றேன். "சும்மாதான்."

நான் உட்காரும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.