நாலு ஃபேன் நின்றது, ஒரு மோட்டார் ஓடியது

எங்கள் தீவில், பெரார்கஞ்சில் ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளை வீட்டார் சௌல்தாரியிலிருந்து முதல் நாளே வந்து தங்கியிருந்தார்கள். விடிந்து பார்த்தால் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. வீடு மேட்டில், கிணறு பள்ளத்தில். பெண்ணின் அப்பா மணியம் அண்ணன், மின்னி பேயில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்குப் போன் செய்தார். "தங்கச்சி, மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குது. ஜல்தி வாம்மா."

உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் நான் முதலில் பார்ப்பது, மோட்டாரைச் சுற்றக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர். மோட்டாருக்குப் போகும் கரண்டை மட்டும் அணைத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே ஓர் அலுமினிய டப்பா தலை வெடித்துக் கிடந்தது. மைக்செட் போட வந்த ரவி, பழைய கெப்பாசிட்டர் போய்விட்டதென்று கண்டுபிடித்து, தன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறார்.

"அதுவும் பத்து மைக்ரோஃபாரட், இதுவும் பத்து. வோல்ட் கூட ஜாஸ்திதான் அக்கா. டீக், சரியா இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

நினைத்ததில் தப்பில்லை, எண் சரிதான். ஆனால் டப்பாவின் பக்கவாட்டில் மைனஸ் குறி போட்ட பட்டை ஓடியது. பிளஸ், மைனஸ் பார்த்து மாட்டச் சொல்லும் கெப்பாசிட்டர், ஒரே திசையில் ஓடும் டிசி கரண்டுக்கானது. வீட்டுக் கரண்ட் ஏசி, ஓயாமல் திசை மாறும். அதை இது தாங்காது. கழற்றிப் போட்டிருந்த பழையதில் '10 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ஏசி' என்று இருந்தது. பிளஸும் இல்லை, மைனஸும் இல்லை. எந்த ஒயரை எந்தக் காலில் கொடுத்தாலும் வேலை செய்யும்.

அந்த அளவு என்னிடம் தீர்ந்திருந்தது. மெயின்லேண்டிலிருந்து சரக்குக் கப்பல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பஜாரும் இல்லை. வங்காளிச் சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வராமல் அடுப்பு பற்றவைக்க மாட்டேன் என்று இந்தியில் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் தலைக்கு மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தேன். ஃபேன் கெப்பாசிட்டர் இரண்டரை மைக்ரோஃபாரட், அதுவும் 440 வோல்ட் ஏசி. நாலை பேரலலாக இணைத்தால் பத்து. வோல்ட் அப்படியே இருக்கும். வீட்டில் இருந்ததே நாலு ஃபேன். மூன்றைக் கழற்ற மணியம் அண்ணன் உடனே சரி என்றார். நாலாவது சம்பந்தியம்மா தங்கியிருந்த அறையில்.

"அந்த ரூம் பக்கம் போகாதம்மா. ஃபேனை நிறுத்துனா கல்யாணமே நின்னுடும். மூணை வச்சு ஓட்ட முடியாதா?"

முடியாது என்றேன். அளவு குறைந்தால் மோட்டார் திணறும், உள்ளே கம்பிச் சுருள் சூடேறும். அவர் தயங்கி நிற்க, நானே போய்க் கதவைத் தட்டினேன். சம்பந்தியம்மா முகம் இறுகித்தான் இருந்தது. சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டார்.

"என் மகன் இன்னும் குளிக்கல. ஃபேனைக் கழட்டு" என்றார். நான் ஏணியில் ஏற, அதைப் பிடித்துக்கொண்டது அவர்தான்.

ஒவ்வொன்றின் கால்களையும் தனியாக ஒரு பல்ப் மாட்டிய ஒயரில் தொட்டு, மிச்சக் கரண்டை இறக்கிய பிறகே கழற்றினேன். ரவி சால்டரிங் அயர்ன் கொண்டுவந்தார். ஒரு காலெல்லாம் ஒன்றாக, மறு காலெல்லாம் ஒன்றாகப் பற்றவைத்து, டேப் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தோம். மோட்டாரில் இணைத்து சுவிட்ச் போட்டதும் அது ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. பைப்பில் தண்ணீர் கொட்டியது. சமையல்காரர் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார்.

அறைகளில் புழுக்கம் தாங்கவில்லை. இரண்டு வீட்டாரும் பந்தலுக்கு வந்துவிட்டார்கள். முதல் நாள் முழுக்க ஆளுக்கொரு அறையில் விறைப்பாக இருந்த சம்பந்திகள், கடல்காற்றில் நாற்காலிகளை ஒன்றாகப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் வந்த பிறகு மோட்டாருக்குப் புதியதை மாட்டி, ஃபேன்களையும் சரி செய்து கொடுத்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: மைக்ரோஃபாரட் மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பக்கத்தில் ஏசி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அடுத்தவர் ஃபேனைக் கழற்ற வேண்டி வந்தால், நீங்களே போய் நேராகக் கேளுங்கள்.