மூணாம் மாடி வெந்நீர்க் குழாய்

இந்தத் தழும்பைப் பாருங்கள். இடது புருவத்துக்கு மேலே, கட்டைவிரல் நீளம். இது கட்டுக்கதை என்பவர்கள் இந்தத் தழும்புக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். பயந்த சுபாவம் உள்ள கண்மணிகள் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

1997 நவம்பர், பிஷ்கெக் நகரம். என் மகள் பெர்மெத்துக்கு ஆறு வயது. நாங்கள் ஒண்டியிருந்த நிலவறையில் சுவரெல்லாம் ஈரம். பிள்ளைக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது. "இந்தக் குளிர்காலத்தை இவ இங்கே தாண்ட மாட்டா" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். புருஷன் இல்லாதவளுக்கு வீடு கொடுப்பாரில்லை. கொடுப்பவர்கள் கேட்ட வாடகையோ என் தையல் கூலியைப்போல இரண்டு மடங்கு.

தேடித் தேடிப் பதினேழாம் நாள், பஸ் நிறுத்தக் கம்பத்தில் ஒரு சீட்டு பார்த்தேன். 'மூணாம் மாடி. நல்ல சூடான வீடு.' வாடகை மற்றவர்கள் கேட்டதில் பாதிக்கும் கீழே.

வீட்டைக் காட்ட வந்தவள் அனார்கான், வீட்டுக்காரனின் தங்கை. வாசற்படியைத் தாண்டி அவள் உள்ளே வரவேயில்லை.

"உள்ளே வந்து காட்டுங்களேன் அக்கா."

"ஒரு ரூம், ஒரு அடுப்படி. இதுல தொலைஞ்சா போயிடுவே? நீயே பாரு."

"இவ்ளோ கம்மியா விடுறீங்களே, ஒழுகுமா?"

"ஒழுகாது. சத்தம் வரும். பொறுத்துக்கோ."

சாவியை என் கையில் திணித்துவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள்.

அடுப்படியில் வெந்நீர்க் குழாய் தொட்டால் சுட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன். ஜன்னலடியில் அறையைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர் ஓர் ஓரத்தில் நசுங்கியிருந்தது. அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட். பக்கத்துக் குழாயில் சின்னச் சின்னக் குழிகள். என் முழங்கால் உயரத்தில். தரையில் விழுந்து கிடந்தபடி இடித்தால்தான் அந்த உயரம் வரும்.

ஆட்டு வால்கொழுப்பை உருக்கிப் பெர்மெத் நெஞ்சில் தடவி, அறையில் படுக்க வைத்தேன். பல நாளுக்குப் பிறகு பிள்ளை இருமாமல் தூங்கினாள். வெளியே இருட்டிவிட்டது.

மாலை 5.40.

டங்… டங்… டங்…

எங்கள் ஊர் மாடி வீடுகளில் ஒரு பழக்கம். ஒரே வெந்நீர்க் குழாய்தான் ஐந்து மாடிக்கும் ஓடும். எந்த வீட்டிலாவது சத்தம் மிஞ்சினால் ஏறிப்போய்ச் சண்டை போட மாட்டோம். கரண்டியால் குழாயில் மூன்று தட்டு. 'வாயை மூடு' என்று அர்த்தம்.

5.44. மறுபடி டங்… டங்… இப்போது வேகமாக. பிள்ளை புரண்டு படுத்தாள். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! கரண்டியை எடுத்து ஓங்கி மூன்று தட்டுத் தட்டினேன்.

நின்றுவிட்டது.

குழாயைத் தொட்டேன். பனிக்கட்டி…

5.46. பின்னாலிருந்து யாரோ என் முடியைக் கொத்தாகப் பிடித்தார்கள்.

ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். நான் மட்டும்தான் இருந்தேன். என் பின்னல் மட்டும் அந்தரத்தில் விறைத்து நின்றது.

காதோரம் ஏதோ கிலுங்கியது.

ரேடியேட்டரில் என் நெற்றி. ணங்!

மறுபடி. ணங்!

கண்ணுக்குள் ரத்தம். தரையில் விழுந்தேன். கத்தினேன்… குரல் வரவில்லை. கையில் கரண்டி இருந்தது. குழாயை இடித்தேன். அதே குழிகளில்தான் விழுந்தது அடி.

மேல்மாடியிலிருந்து பதில் வந்தது. டங்… டங்… டங்…

கீழேயிருந்தும். எல்லா மாடியிலிருந்தும்.

வாயை மூடு. வாயை மூடு.

மூன்றாம் முறை. பல் உடைந்தது.

அப்போது… அறையில் பெர்மெத் இருமினாள்.

பிடி தளர்ந்தது.

பிள்ளையைப் போர்வையோடு வாரிக்கொண்டு ஓடினேன்.

கீழ்த்தளத்தில் முதல் கதவைத் தட்டினேன். ஜிப்பார் என்ற அக்கா திறந்தாள். முக்காட்டைப் புருவம்வரை இழுத்துக் கட்டியிருந்தாள். என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"உதவிக்குத் தட்டினேன் அக்கா! எல்லாரும் வாயை மூடுன்னு திருப்பித் தட்டுறீங்களே!"

"நாங்களா? நாலு வருஷமா இந்தக் கட்டடத்துல எவளும் அந்தக் குழாயைத் தொடுறதில்லடி."

கதவைத் தாழிட்டுவிட்டு மீதியைச் சொன்னாள்.

"அங்கே அஜார்னு ஒருத்தி இருந்தா. புருஷன் முடியைப் பிடிச்சு மோதினான். அவ உதவிக்குத்தான் தட்டினா. நாங்க… புருஷன் பொண்டாட்டி சண்டைதானேன்னு, எல்லா மாடியிலயும் திருப்பித் தட்டினோம். ஆறு மணிக்கு நின்னுபோச்சு. அப்பாடான்னு டீ குடிச்சோம்."

"அந்தப் பாவிதான் பேயா அலையுறானா?"

"அவனா? அவளைக் கொன்னதுக்கு அவன் ஜெயில்ல உயிரோட இருக்கான். உனக்குச் சாவி கொடுத்தாளே அவன் தங்கச்சிக்காரி, போன வாரம்கூட அவனுக்குச் சோறு கொண்டுபோனா."

"அப்போ என் முடியை…"

"முடியைப் பிடிச்ச கையில ஏதாவது கிலுங்குச்சா? அஜார் வெள்ளி வளையல் போட்டிருப்பா."

என் கையில் அந்தக் கரண்டி இன்னும் இருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"முதல்ல நீ திருப்பித் தட்டினியா?"

தலையாட்டினேன்.

"பிள்ளையை உள்ளே படுக்க வை. பனி உருகுறவரைக்கும் ரெண்டு பேரும் இங்கேயே கிடங்க. இந்தத் தடவையாவது கதவைத் திறந்தேனே."

சொல்லிக்கொண்டே முக்காட்டை மெல்ல மேலே தள்ளினாள்.

இடது புருவத்துக்கு மேலே. கட்டைவிரல் நீளம்.