கொடியின் காலடியில் விட்ட புல்

மஸ்கெலியாப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. எங்கே இறங்குவது என்று தெரியாதவனுக்கு நடைதான் சௌகரியம். பொழுது சாயும்போது பொல்பிட்டியவுக்கு மேலே, ரோட்டோரமாக ஒரு பேஷன் பழக் கொடிப் பந்தல். சில கொடிகளின் அடித்தண்டில் சாணியும் மண்ணும் குழைத்து அப்பி, பழந்துணி சுற்றியிருந்தது. நின்றுவிட்டேன். இதே காரியத்தைச் செய்ததற்காகத்தான் எங்கள் வீட்டுப் படியிலிருந்து சித்தப்பா விரட்டப்பட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் சரிவில் அப்பா பேஷன் கொடி போட்டிருந்தார். நிலம் தோட்டத்துடையது, கொடி எங்களுடையது. முதல் காய்ப்பில் கூரைத் தகரத்தை மாற்றிவிடலாம் என்று பேச்சு. மழைக்காலத்தில் நாங்கள் எல்லாரும் ஒழுகலுக்கு வைத்த சட்டிகளுக்கு நடுவில் படுத்தவர்கள்.

புல்தான் தொல்லை. சொரண்டியால் செதுக்கினால், அடுத்த மழைக்கே மேல்மண் வழிந்து வடிகால் கானை அடைத்தது. முள்ளு மண்வெட்டியால் கிளறினால் கொடியின் வேர் அறுந்தது. அப்பா ஒவ்வொன்றையும் ஒரு வரிசையில் போட்டுப் பார்த்துவிட்டு, ஆயுதங்களே தன்னை ஏமாற்றுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில்தான் அவருடைய தம்பி, தோட்டம் தோட்டமாகப் புல் வெட்டப் போகிற எங்கள் சித்தப்பா, மெஷினோடு வந்தார். தூண்டிலுக்குப் போடுகிற மாதிரித் தங்கூசி நூல் சுழன்று புல்லைச் சீவிவிடும். வேர் உள்ளேயே இருக்கும்.

"வேரு இருந்தா மண்ணு எங்கயும் போகாதுண்ணே. ஞாயித்துக்கிழம வந்து வெட்டித் தாரேன். ஒண்ணும் வேணாம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைக் கெடுத்தது. சும்மா உழைக்க வருகிறவனை நம்புகிற வழக்கம் எங்கள் லயத்தில் இல்லை. அம்மா என்னைப் பந்தலடியில் உட்காரவைத்தாள், என்ன செய்கிறார் என்று பார்த்துச் சொல்ல.

நன்றாகத்தான் வெட்டினார். ஆனால் ஒவ்வொரு கொடியைச் சுற்றியும் ஒரு முழத்துக்குப் புல்லை அப்படியே விட்டுவிட்டார். தலை சிரைக்கிறவன் குடுமியை விட்ட மாதிரி இருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அது கையால புடுங்கணும் அண்ணி. அடுத்த ஞாயிறு வந்து புடுங்குறேன்," என்றார் சித்தப்பா.

அவர் பஸ் ஏறியதும் அம்மா சொன்னாள். "ஒரு நா வேலைய ரெண்டு நாளாக்குனா ரெண்டு தடவ சோறு. உங்க தம்பிக்கு வயிறு மட்டும் நல்லாப் படிச்சிருக்கு."

பஸ்ஸில் நெரிசல் என்று சித்தப்பா மெஷினை விட்டுவிட்டுப் போயிருந்தார். அப்பாவும் தேயிலை மலையில் அதை ஓட்டியவர். அங்கே தூரோடு ஒட்ட வெட்டாவிட்டால் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு கத்துவார். அடுத்த நாள் வேலை முடிந்து வந்ததும் அப்பா மெஷினை மாட்டிக்கொண்டு, எல்லாக் கொடியின் காலடியையும் சுற்றிச் சுற்றித் துப்புரவாக்கினார். பந்தலடி கோயில் முற்றம் மாதிரி ஆனது. "இவ்வளவுதான் வேலை," என்றார்.

ஞாயிறு சித்தப்பா வந்தார். முதல் கொடியின் அருகில் குந்தினார், அடித்தண்டைப் பெருவிரலால் தடவினார். அப்புறம் அடுத்தது. எழுந்து அப்பா இருந்த பக்கம் பார்த்துவிட்டு, மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்ச் சாணி எடுத்துவந்தார். இடுப்பில் கட்டுகிற தன் பழைய சாரத்தைக் கிழித்தார். மதியச் சோற்றுக்குக்கூட வரவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

"என்னமோ வச்சுக் கட்டுறாரும்மா," என்றேன். அன்றைக்கு எனக்கு மட்டும் முட்டை கிடைத்தது.

கொஞ்ச நாளில் கொடிகள் வாட ஆரம்பித்தன. பச்சைக் காய்கள் சுருங்கித் தொங்கின. அப்பா துணிகளைப் பிய்த்து மோந்து பார்த்தார். சித்தப்பா அடுத்து வந்தபோது அவரைப் படியேற விடவில்லை.

"என்னத்தடா வச்ச? என் கூரையில கைய வச்சுட்டியேடா!"

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் வைக்கலண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். பதில் இல்லாதவன்தான் பேசாமல் போவான் என்று நான் அன்றைக்கு முடிவுகட்டினேன். அதன் பிறகு அவர் வரவில்லை. தகரமும் மாறவில்லை.

இப்போது, ரோட்டோரப் பந்தலில் தேங்காய் மட்டை அடுக்கிக்கொண்டிருந்த பந்தல்காரம்மாவிடம், இந்தத் துணி எதற்கு என்று கேட்டேன்.

"போன தடவ வந்தவன் மெஷின ஒட்டப் புடிச்சுட்டான் தம்பி. தேயிலன்னு நெனச்சுக்கிட்டான் போல. நூலு பட்டுச் சுத்தித் தோல் உரிஞ்சிருச்சு. சுத்தி உரிஞ்சா கொடி பொழைக்காது. பொழைக்குமான்னு கட்டிப் பாக்குறேன்." பிறகு என் பையைப் பார்த்தாள். "வேல தேடுறியா?"

மறுநாள் காலை அங்கே மெஷினை மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு கொடியைச் சுற்றியும் ஒரு முழம் விட்டு வெட்டினேன். மதியம் அந்த அம்மா சோற்றுத் தட்டோடு வந்து, நான் விட்டுவைத்த புல்லை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது?"

"கையால புடுங்கணும்ங்க. நாளைக்கு வந்து புடுங்குறேன்."

தட்டைக் கீழே வைத்துவிட்டு, சித்தப்பாவின் சோற்றை எண்ணிய எங்கள் அம்மாவின் அதே பார்வையோடு என்னைப் பார்த்தாள்.