முனிமொட்டைக்குப் புகை போடுகிறவர்

சுள்ளியை ஒடிக்கும்போது சொரிமுத்து கண்ணை மூடிக்கொள்வார். காதோரம் கொண்டுபோய் இரண்டு கையாலும் மெல்ல வளைப்பார். ‘டப்’பென்று ஒடிந்தால் முகம் மலர்ந்து கக்கத்தில் செருகிக்கொள்வார். சவசவவென்று மடங்கினால், தன்னை யாரோ ஏமாற்றிவிட்டதுபோல் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிடந்த இடத்திலேயே போட்டு நடப்பார். தென்காசி ரத வீதியானாலும் சரி, ரயிலடியானாலும் சரி, காய்ந்த குச்சியைத் தாண்டிப் போக அவருக்குக் கால் வராது. ஒருமுறை மேலகரத்தில் ஒரு சாவுக்குத் துட்டி கேட்கப் போனவர், கக்கம் நிறைய விறகோடு வீடு திரும்பினார். வாசலில் நின்ற மனைவி தங்கத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

“துட்டிக்குப் போனவுக குளிச்சிட்டு வருவாக. இவுக வெறகு பெறக்கிட்டு வந்திருக்காக.”

“புளியங்குச்சி, ஏட்டி. நல்லாக் காஞ்சது,” என்றார் அவர். அதற்குமேல் என்ன சமாதானம் வேண்டும் என்பது அவருக்கு விளங்கவில்லை.

தொழில் கடலை வறுப்பது. கோயில் வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஒட்டுக்கடை. ஓர் அடுப்பு, இரும்புச் சட்டி, சிற்றாற்று மணல், சல்லடை. ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் அடுப்பையும் சட்டியையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போய்விடுவார். அருவியில் குளித்துவிட்டுப் பல் கிட்டிக்க வருகிறவர்கள், துணி மாற்றுவதற்கு முன்னாலேயே அவர் முன்னால் கை நீட்டுவார்கள். எதிரே நிற்பவர் பண்ணையாரா, பங்களாத் துரையின் பட்லரா என்பதையெல்லாம் அவர் பார்ப்பதில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு பொட்டலத்தை நீட்டுவார். ஊரெல்லாம் நனைந்து கிடக்கிற அந்த நாட்களில் அவர் அடுப்புக்கு மட்டும் காய்ந்த விறகு எங்கிருந்து வருகிறதென்று மற்றக் கடைக்காரர்களுக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு.

வாய் சும்மா இருக்காது. சட்டியில் மணல் சூடேறும்வரை மலையைப் பற்றிப் பேசுவார். குற்றாலத்துக்கு மேலே, செண்பகாதேவியும் தேனருவியும் தாண்டி, சோலைக்காட்டுக்குள் ஏறி ஏறிப் போனால் முனிமொட்டை என்று ஒரு சிகரம். உச்சியில் மரம் செடி கிடையாது, வெறும் பாறை. பாறை மேல் ஒரு முனிவர் சிலை, முழங்கால் உயரம், மூக்கு தேய்ந்துபோனது. மேற்கே திரும்பினால் மலையாளத்துக் கடல்.

“காலையில பாத்தா மூட்டம் போட்டு ஒண்ணும் தெரியாது. உச்சிப் பொழுதுல மஞ்சு ஒரு மட்டம் வெலகும். அப்பப் பாக்கணும். வெள்ளித் தகட்ட நெளிச்சுப் போட்டாப்ல கெடக்கும். தகட்டுல ஒரு ஓரமா உப்புப் பூத்தாப்ல அலை. அதுல ஒரு கப்பல் போவும். போவுதா நிக்குதான்னே தெரியாது.”

கேட்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். பட்டாளத்தில் இருந்து லீவில் வந்த பையன்கள், பம்பாய்க் கடலைப் பார்த்தவர்கள்கூட, இன்னொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கேட்பார்கள். இத்தனைக்கும் சொரிமுத்து அந்தக் கடலைப் பார்த்ததில்லை. போன மாசி வரையில் அந்த உச்சியில் கால் வைத்ததும் இல்லை.

ஆனால் வருஷா வருஷம் மலைக்குப் போகிறவர் அவர். பொய் சொல்கிறாரென்று யாரும் சொல்லிவிட முடியாது.

மாசி மாதம் காடு காய்ந்து வழி தெரியத் தொடங்கும்போது தென்காசியிலிருந்து ஒரு கூட்டம் முனிமொட்டைக்குக் கிளம்பும். வக்கீல் குமாஸ்தா முத்துக்குமாரசாமி பிள்ளைதான் அதற்குத் தலைவர். காட்டிலாகாவில் அனுமதி வாங்குவது, அரிசி பருப்பு சேகரிப்பது, வருகிறேன் என்றவர் கடைசி நேரத்தில் பின்வாங்காமல் பிடித்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வழி காட்டுகிறவர் மாடன். மலையில் தேனெடுக்கும் பளியர். அதிகம் பேசமாட்டார், பேசினால் மறுபேச்சுக்கு இடமிருக்காது.

மாடன் வைத்த சட்டம் ஒன்று உண்டு. கடைசித் தங்கல் கல்லால மரத்தடி. அங்கே நெருப்பு மூட்டி, ஓர் ஆளைக் காவல் வைத்துவிட்டுத்தான் உச்சிக்கு ஏற வேண்டும். ஏறினவர்கள் திரும்பும்வரை நெருப்பு அணையக்கூடாது. சூரியன் உச்சிக்கு வந்ததும் காவல்காரர் பச்சை இலையைப் போட்டுப் புகை எழுப்ப வேண்டும். மேலே இருப்பவர்கள் அந்தப் புகையைப் பார்த்த பிறகுதான் முனிவருக்குச் சூடம் காட்டலாம். புகை தெரிந்தால் முனி இறங்க வழி விடுகிறார் என்று அர்த்தம். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், காரியமும் இருக்கிறது: உச்சியிலிருந்து பார்த்தால் இறங்குகிற சரிவுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். மஞ்சு அடிக்கடி வந்து மூடுகிற இடத்தில் மாடனுக்கே புகைதான் அடையாளம்.

முன்னொரு வருஷம் காவலுக்கு இருந்தவர் தூங்கிவிட்டார். நெருப்பு அணைந்துபோயிற்று. ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று குமாஸ்தா அவசரப்பட்டுச் சூடம் காட்டி, மாடன் தடுத்தும் கேளாமல் ஒரு சரிவைக் காட்டி, எல்லோரையும் இறக்கினார். அட்டைக்கடியும் முள்ளுமாக இறங்கி இறங்கி ஆரியங்காவுப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். வேட்டி கிழிந்து, தாடி மண்டி, புனலூரிலிருந்து வந்த ரயிலைப் பிடித்துத் தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்கிய அந்தக் காட்சியை ஊர் இன்னும் மறக்கவில்லை. கல்லால மரத்தடியில் தூங்கினவர் எழுந்து, போனவர்களை முனி கொண்டுபோய்விட்டதென்று அழுதுகொண்டே வேறு வழியாக இறங்கி வந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் குமாஸ்தா கடலைக்கடைக்கு வந்தார். “ஓய் சொரிமுத்து, மலைக்கு வாரேரா? நெருப்பப் பாத்துக்கிட ஆளு வேணும்.”

சொரிமுத்து காதில் ‘மலைக்கு’ என்பது மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும். அன்றைக்கே கடையை மைத்துனன் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்த வருஷத்திலிருந்து கல்லால மரத்தடி அவருக்கு எழுதி வைத்ததுபோல் ஆயிற்று. எல்லோரும் ‘அரகரா’ போட்டுக்கொண்டு மேலே போவார்கள். இவர் கீழே உட்கார்ந்து நெருப்போடு பேசுவார். “என்னலே மூஞ்சத் தூக்குத? ஈரமா? இந்தா, இதத் தின்னு.” சூரியன் தலைக்கு மேலே வந்ததும் பச்சை இலையைப் போடுவார். மரங்களுக்கு மேலே புகை ஏறிப் போவதை அண்ணாந்து பார்ப்பார். தான் போக முடியாத இடத்துக்கு அது போகிறதே என்று அதன்மேல் பொறாமையாக இருக்கும் அவருக்கு.

அவர்கள் இறங்கி வந்ததும் சோறு போட்டுக்கொண்டே விசாரணை தொடங்கும். கடல் தெரிந்ததா? எந்த நிறம்? கப்பல் இருந்ததா? பசியில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தகடு என்று ஒருவர் சொன்னதையும், உப்பு என்று மற்றொருவர் சொன்னதையும் சேர்த்து வைத்துக்கொள்வார். கடையில் அவர் சொல்கிற கடல் அப்படிச் சேர்ந்த கடல்தான்.

“அடுத்த வருஷம் நானும் மேல வாரேன், பிள்ளைவாள்,” என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். “ஆகட்டும், பாப்போம்,” என்பார் குமாஸ்தா. அடுத்த வருஷம் வந்தால் காவலுக்கு வேறு ஆள் இருக்கமாட்டார். மலை பார்க்க வருகிறவர்களில் எவர்தான் அடுப்படியில் உட்காரச் சம்மதிப்பார்? தங்கத்தாய்க்கு இது வருஷாந்தரக் கேலி. “ஊருல இருக்கது ஒரு அடுப்பு, குத்தாலத்துல ஒரு அடுப்பு. அது பத்தாதுன்னு மலையில வேற போயி ஊதுதாக,” என்று பக்கத்து வீட்டு ஜைனபிடம் சொல்வாள். சொல்லிவிட்டு, இரண்டு துண்டும் ஒரு கம்பளியும் மடித்து வைப்பாள்.

போன மாசியில் வழி பிறந்தது. ரயிலடியில் டிக்கெட் கொடுக்கும் பிச்சுமணி முதல் தடவையாகக் கூட்டத்தில் சேர்ந்திருந்தார். மலைக்கென்றே திருநெல்வேலிக்குப் போய்ப் புதுக் கான்வாஸ் பூட்ஸ் வாங்கி வந்திருந்தார். கல்லால மரத்தடிக்கு வந்து அவற்றைக் கழற்றியபோது இரண்டு குதிகாலும் தோலுரிந்து போயிருந்தன. மறுநாள் காலையில் அவரால் தரையில் காலூன்ற முடியவில்லை.

“நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். அண்ணாச்சி மேல போகட்டும்,” என்றார் பிச்சுமணி.

சொரிமுத்து சட்டென்று எழுந்து நின்றார். எல்லோரும் மாடனைப் பார்த்தார்கள். மாடன் பிச்சுமணியைப் பார்த்தார்.

“நெருப்பு பாத்துப் பழக்கம் உண்டா, சாமி?”

“வீட்டுல அடுப்புப் பக்கம் போனதில்ல. தூங்கமாட்டேன். அது நிச்சயம்.”

மாடன் தலையசைத்தார். சொரிமுத்து உடனே பிச்சுமணியின் பக்கத்தில் குந்திவிட்டார். “தம்பி, கேளும். உச்சிப் பொழுதுக்குப் பச்ச எல. ஒரு கை போடும். பொறவு சுள்ளி. பொறவு எல. ஒரேயடியா அள்ளிப் போட்டேர்னா மூச்சு முட்டிச் செத்துப் போவும். இந்தக் குமி காஞ்சது, அந்தக் குமி அரைக் காச்சல், இன்னும் ஈரம் போவல. மாத்திப் போட்டுறாதேயும்.” மூன்றாவது தடவை சொல்லத் தொடங்கியபோது குமாஸ்தா வந்து தோளைப் பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது.

ஏற்றத்தில் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். சோலை முடிந்து, இடுப்பளவுப் புல் வந்து, புல்லும் முடிந்து பாறை வந்தது. கையும் காலுமாகத் தவழ்ந்து ஏறினார்கள். உச்சியில் காற்று வேட்டியைப் பறித்தது. சிலை இருந்தது, முழங்கால் உயரம்தான், மூக்கும் தேய்ந்துதான் இருந்தது. தான் சொன்னதெல்லாம் சரியாக இருப்பதைக் கண்டு அவருக்கே ஆச்சரியமாகப் போயிற்று. சிலையைத் தொட்டபோது அழுகை வரும்போல் இருந்தது. மேற்கே மட்டும் வெள்ளையாக மஞ்சு.

எல்லோரும் மேற்கே பார்த்து உட்கார்ந்தார்கள். அவரும் உட்கார்ந்தார். சூரியன் ஏறிக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கிழக்குப் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். காடு பச்சையாகக் கிடந்தது. புகை இல்லை.

“இன்னும் நேரம் இருக்கு,” என்றார் மாடன்.

வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்து போனார். சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. பாறையில் நிழல்கள் காலடிக்குள் ஒடுங்கின. புகை இல்லை. ஆரியங்காவு ஞாபகம் குமாஸ்தாவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தார். சொரிமுத்து பாறை விளிம்பில் குந்தி, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, கண்ணிமைக்காமல் கீழேயே பார்த்தார். “மாத்திப் போட்டுட்டான். அரைக் காச்சலப் போட்டுட்டான்,” என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

அப்போதுதான் பின்னால் சத்தம் கேட்டது. மேற்கே மஞ்சு விலகத் தொடங்கியிருந்தது.

“ஓய் சொரிமுத்து, இங்கன வாரும். கடலு தெரியுது.”

“தெரியட்டும்.”

“வெலகிட்டுவே. வாரும்ங்கேன். கப்பல்கூட இருக்கு.”

“இருக்கட்டும், பிள்ளைவாள். ஒரு நிமிசம்.”

ஒரு நிமிஷம் போயிற்று. இன்னும் கொஞ்ச நேரமும் போயிற்று. பின்னால் எல்லோரும் ஒருவருக்கொருவர் கையைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். காட்டுக்கு மேலே நூல்போல ஒன்று எழுந்தது. கலைந்தது. மறுபடி எழுந்தது. அப்புறம் ஒரேயடியாகக் கருகருவென்று மொத்தமாக ஏறியது.

“புகை,” என்றார் சொரிமுத்து. உடனே முகம் சுளித்தார். “இம்புட்டு எலையா போடுவாக? படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இப்ப அணஞ்சிரும்லா.”

மாடன் வந்து பார்த்துவிட்டுக் குமாஸ்தாவைப் பார்த்துத் தலையசைத்தார். சூடம் கொளுத்தினார்கள். காற்று அதை உடனே அணைத்தது, மறுபடி கொளுத்தினார்கள். சொரிமுத்து கைகூப்பியபடியே கண்ணை ஓரமாக்கிக் கீழே பார்த்துக்கொண்டார். புகை மெலிந்தது. மெலிந்தாலும் நின்றுவிடவில்லை. பூசை முடிந்து அவர் மேற்கே திரும்பியபோது மஞ்சு வந்து மூடிவிட்டிருந்தது. காலையில் பார்த்த அதே வெள்ளை.

“பாக்காமப் போயிட்டேரே,” என்றார் குமாஸ்தா. அவருக்கே மனசு கஷ்டமாக இருந்தது. “கொஞ்சம் இருந்து பாப்பமா? மறுபடி வெலகினாலும் வெலகும்.”

சொரிமுத்து மேற்கே ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்தார். பாறை இடுக்கில், காற்று எங்கிருந்தோ கொண்டுவந்து செருகியிருந்த ஒரு குச்சி கிடந்தது. எடுத்துக் காதோரம் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு மெல்ல வளைத்தார். ‘டப்’பென்று ஒடிந்தது. இரண்டு துண்டையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, மாடனுக்கும் முன்னால், புகை தெரிந்த சரிவில் இறங்கத் தொடங்கினார்.