நூறு கிலோவுக்குள் ஒரு கேக்

அவள் வேலை பார்த்தது கான்கிரீட் சோதனைக்கூடத்தில். கட்டடம் எழும்பும் இடங்களிலிருந்து கான்கிரீட்டை அச்சில் வார்த்து, ‘கியூப்’ எனும் கனசதுரக் கட்டிகளாக அனுப்புவார்கள். அவற்றைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, இருபத்தெட்டாம் நாள் எடுத்து, இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எத்தனை பாரத்தில் நொறுங்கியது என்று குறிப்பாள். பத்தொன்பது வருடமாக இதே வேலை. கூடத்தில் எல்லோருக்கும் அவள் கியூப் அக்கா. “தினமும் உடைக்கிறதுதானே, இதுல என்னக்கா இருக்கு?” என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால், “ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி உடையுது, பாத்துட்டே இரு” என்பாள். சொல்லிவிட்டு அவளே இன்னும் கொஞ்சம் குனிந்து பார்ப்பாள்.

அவள் கணவர் தொங்குகிறவர். உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளை வெளியிலிருந்து கயிற்றில் இறங்கித் துடைக்கும் வேலை. சுவரோடு ஒட்டிக்கொண்டு போவதால் கூட்டாளிகள் வைத்த பெயர் பல்லி. “எம் பொண்டாட்டி உடைச்சுப் பாத்து விட்ட கட்டடம்டா, கண்ணை மூடிட்டுத் தொங்கலாம்” என்று இருபத்தைந்தாவது மாடியிலிருந்து கத்துவார்.

ஆனால் கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. கயிற்றில் ஏறுகிறவர் நூறு கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலை உடுப்போடு நிறுத்துப் பார்ப்பார்கள். அந்தத் தடவை பல்லி நூற்று நான்கு இருந்தார்.

பாதுகாப்பு அதிகாரி நல்ல மனிதர்தான். “பன்னண்டு வாரம் தரேன். அதுவரைக்கும் விடுப்பு இருக்கு, கிடங்கு வேலை இருக்கு, எப்படியாவது ஓட்டலாம். இறங்கலேன்னா நிரந்தரமா தரைதான்” என்றார்.

தரை என்றால் வாளி நிரப்புவது, நடைபாதையில் கயிறு கட்டி ஆட்களை விலக்குவது. சம்பளம் ஒன்றும் பெரிதாகக் குறையாது. ஆனால் பல்லி அன்று வீட்டுக்கு வந்து காலணியைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் மேலே இருந்தவர். “கீழ நின்னு அண்ணாந்து பாக்கணுமாம். கழுத்து வலிக்கும்” என்றார். கழுத்துக்காக வருத்தப்படுகிற முகம் இல்லை அது.

காரணம் எது என்று இரண்டு பேருக்கும் தெரியும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இடுப்புப் பட்டையில் தொங்க முடியாது. அதனால் பகலில் அரைவயிறு. சாயங்காலம் வீடு திரும்பும்போது பசி ஆளையே தின்னும். வருகிற வழியில் கடையில் கேக் மாவுப் பெட்டி ஒன்றை வாங்கி, பெட்டியின் பின்னால் போட்டிருக்கிறபடி எண்ணெயும் முட்டையும் தண்ணீரும் ஊற்றிக் கலக்கி, தானே ஓவனில் வைப்பார். மேலே டப்பா கிரீம் ஒரு விரல் கனத்துக்கு. அவருக்குத் தெரிந்த ஒரே சமையல் அது.

“கேக்கை விடுன்னு மட்டும் சொல்லாத. வேற எதை வேணாலும் விடறேன்.”

“வேற எதை விடுவீங்க?”

கொஞ்சம் யோசித்தார். “உன் தம்பி வீட்டுக்குப் போறதை.”

“பெரிய தியாகம்தான்” என்று சொல்லிக்கொண்டே அவள் மேடை மேலிருந்த பெட்டியை எடுத்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அதன் பின்பக்கத்தைப் படித்தாள். எண்ணெய் அரைக் கப். முட்டை மூன்று. தண்ணீர் ஒரு கப். திரும்பப் படித்தாள்.

“என்னங்க, இந்த எண்ணெய் உள்ள போய் என்ன வேலை செய்யுது?”

“எனக்கென்ன தெரியும்? ஊத்தச் சொல்லிருக்கான், ஊத்தறேன்.”

“ஊத்தலேன்னா என்ன ஆகும்?”

அவள் அவரிடம் கேட்கவில்லை, பெட்டியிடம் கேட்டாள்.

அடுத்த நாளிலிருந்து ஓவன் அவள் வசம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் எது எதைச் செய்தது என்று தெரியாது. கூடத்தில் அதுதான் பாலபாடம். முதல் கேக்கில் எண்ணெய்க்குப் பதில் அதே அளவு தயிர். இரண்டாவதில் வேகவைத்து மசித்த ஆப்பிள். மூன்றாவதில் மஞ்சள் கருவை விலக்கி வெறும் வெள்ளைக் கரு. நான்காவதில் எண்ணெயும் இல்லை, முட்டையும் இல்லை. பெட்டி மாவும் ஒரு கேன் சோடாவும் மட்டும். ஒவ்வொன்றுக்கும் பல்குச்சியில் காகிதக் கொடி ஒட்டி எண் எழுதிக் குத்தினாள். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தேதி, அளவு, எடை, உயரம் எல்லாம் ஏறின. அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. சின்னச் சின்ன எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாதது. கடைசி எண் இருநூற்றுப் பதினாறு.

வெள்ளைக் கருவை மட்டும் போட்டது பொங்கி எழும்பியதென்னவோ உண்மை. கடித்தால் பல்லைத் திருப்பித் தள்ளியது. “இது கேக்கா, காலணிக்கு அடிப்பாகமா?” என்றார் பல்லி, இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே. சோடாக் கேக் அன்று பஞ்சு போல இருந்தது. மறுநாள் காலை தொட்டதும் உதிர்ந்தது. அவள் அந்த உதிரலை விரலால் நெருடி நெருடிப் பார்த்தாள். எண்ணெயின் வேலை அப்போதுதான் பிடிபட்டது. ருசிக்கு மட்டும் அல்ல, நாளைக்கும் ஈரமாக இருப்பதற்கு. முட்டை பிடித்து நிறுத்துகிறது. சோடா வெறும் காற்றைக் கொண்டு வருகிறது. அந்தக் காற்றைப் பிடித்து வைக்க ஆள் வேண்டும்.

கூடத்தில் கட்டி நசுக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றபடி திடீரென்று சிரித்தாள். பக்கத்தில் இருந்த இன்ஜினியர், “என்னக்கா?” என்றார்.

“ஒரு முட்டையும் கொஞ்சம் தயிரும் போதும் சார்.”

“எதுக்கு, இந்தக் கட்டிக்கா?”

ஒன்பதாம் எண்ணில் கிரீமுக்குப் பதிலாக, துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிரில் சிட்டிகை சர்க்கரையும் எலுமிச்சைத் தோல் துருவலும் சேர்த்துப் பூசினாள். பல்லி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். பதினோராம் எண்ணில் பூசணியை வேகவைத்துக் கலந்தாள். அவர் தட்டை வழித்தார். “நீ எதுக்கு அந்தக் கல்லை உடைச்சிட்டிருக்க? இதைச் செஞ்சு வித்தா நாம எங்கேயோ போயிடலாம்.”

நான்கு வாரம் ஆனதும் நிறுத்துப் பார்த்தார்கள். நூற்று நான்கு கிலோ எண்ணூறு கிராம்.

அவள் முதலில் சந்தேகப்பட்டது தராசை. மறுநாள் இன்ஜினியரிடம் சொல்லிவிட்டு, சோதனைக்கூடத்தின் சரிபார்ப்பு எடைக்கற்களைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். வீட்டுத் தராசு மேல் ஒரு குற்றமும் இல்லை. அடுத்துச் சந்தேகப்பட்டது கணவரை.

“வெளில ஏதாவது திங்கறீங்களா?”

“சத்தியமா இல்ல.”

“அந்த ஒட்டகம் ஏதாவது வாங்கிக் குடுக்கறாரா?” ஒட்டகம் என்பது அவரோடு தொங்கும் நெட்டை ஆள்.

“அவன் வாங்கிக் குடுத்துட்டாலும்! தண்ணி கேட்டாலே மறந்து போறவன்.”

உண்மை அவள் நோட்டிலேயே இருந்தது. முன்பெல்லாம் ஒரு கேக் நான்கு நாள் வந்தது. இப்போது இரண்டு மூன்று நாளுக்கு ஒரு புது எண். எல்லா எண்ணையும் ருசி பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டியவர் ஒரே ஒருவர். அதுவும் ‘இதுதான் லேசாச்சே’ என்று தைரியமாக இரண்டு துண்டு கூடுதல். கூடத்தில் சோதித்த கட்டி தூளாகி வண்டியில் போய்விடும். இங்கே சோதித்தது எல்லாம் பல்லியின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. கேக்கை நிறுத்தவள் தின்கிறவரை நிறுக்க மறந்துவிட்டாள். அவரை இளைக்க வைக்கக் கிளம்பி, தன் ஆர்வத்துக்கு அவரைத் தீனியாக்கியிருந்தாள்.

பன்னிரண்டாம் எண் மனதில் தயாராக இருந்தது, பேரிக்காய். அதை நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டு மூடினாள்.

அதன்பின் பதினோராம் எண் மட்டும்தான். அதுவும் வாரத்துக்கு ஒன்று, அளவுகோல் வைத்து வெட்டி, தனித்தனியாகச் சுற்றிக் குளிர்பெட்டியின் மேல்தட்டில். சாயங்காலம் ஒரு துண்டு. முதலில் ஒரு கிண்ணம் காய்கறி சூப், பிறகுதான் கேக். தேநீரில் சர்க்கரை போயிற்று. பஸ்ஸுக்குப் பதில் இரண்டு நிறுத்தம் நடை. பல்லி முணுமுணுத்தார், ஒரு தடவை குளிர்பெட்டிக் கதவோடு கையும் களவுமாகப் பிடிபட்டார், ஆனாலும் இறங்கினார். பன்னிரண்டாவது வாரம், நிறுக்கப் போகிற காலையில், வேலை உடுப்போடு, வீட்டுத் தராசில் நூறு கிலோ நானூறு கிராம்.

“நானூறு கிராம்தானே. வழியில வேர்த்தே போயிடும்” என்று சொல்லி, ஒரு பெரிய குவளை தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் படியேறும்போதே சத்தம் கேட்டது. “தொண்ணூத்தொம்பது எழுநூறு! பாஸ்! நாளைக்கே மேல!”

அவளுக்கும் சிரிப்பு முட்டியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் முகம் மெல்ல மாறியது. அந்த முகம் அவருக்குத் தெரியும்.

“ஆரம்பிச்சுடாத.”

“தண்ணி வேற குடிச்சீங்க. அதே உடுப்பு. கூடத்தானே காட்டணும்? எப்படி எழுநூறு குறையும்?”

“வேர்த்துச்சு.”

“ஒரு லிட்டரா?”

“ஏம்மா, என் தராசு என்னை மேல போகச் சொல்லுது. உன் தராசு ஏன் காலைப் பிடிச்சு இழுக்குது?”

“நீங்க நானூறு கிராம் கூட இருக்கீங்க, கயிறு அதைத் தாங்கும், எனக்குத் தெரியும். ஆனா அந்தத் தராசு எவ்வளவு பொய் சொல்லுதுன்னு தெரியலையே. உங்களுக்கு எழுநூறு. இன்னொருத்தருக்கு ரெண்டு கிலோவா இருந்தா? அதே தராசுலதானே எல்லாரும் ஏறிட்டுப் போறீங்க?”

அவர் கோபித்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். குளித்து வந்து, சூப் குடித்து, கேக் துண்டைத் தொடாமல் எழுந்தார். அவள் அதை மறுபடி சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தாள். அவர் கம்பெனிக்குத் தான் போய்ப் பேசுவதா என்று யோசித்தாள். கூடாது என்று தோன்றியது. தொங்குகிறவர் அவர். சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

காலையில் அவர் வாசலில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “அந்தக் கல்லு வீட்டுலதான இருக்கு?”

“இருபது கிலோக் கல்லு ரெண்டு. முந்தாநாள்தான் சார்கிட்ட திரும்பக் கேட்டு எடுத்துட்டு வந்தேன்.”

“நான் கேக்காமயே எடுத்துட்டு வந்துட்ட.”

“நம்ம தராசு இன்னும் சரியா இருக்கான்னு, சும்மா தெரிஞ்சுக்கலாமேன்னு.”

ஆட்டோ வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். பாதுகாப்பு அதிகாரி எதிரில் நாற்பது கிலோவை வைத்தார்கள். தராசு முப்பத்தொன்பது எழுநூறு காட்டியது. காலையில் வீட்டில் நிறுத்துவிட்டு வந்த பல்லியும் கல்லோடு ஏறி நிற்க, குறை இன்னும் பெருகியது. பாரம் கூடக் கூடப் பொய்யும் கூடியது. அதிகாரி வெளுத்துப்போய் வேறு தராசு வரவழைத்து எல்லோரையும் மறுபடி நிறுத்தார். மூன்று பேர் நூறைத் தாண்டியிருந்தார்கள். பல்லி, ஒட்டகம், அவர்கள் கூட்டாளி மீசை. மீசைதான் அதிகம், நூறு கிலோ எழுநூறு கிராம். மூன்று பேரும் ஆறு வாரத்துக்குத் தரை.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டகமும் மீசையும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

“அண்ணி, நாங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணினோம்?” என்றார் ஒட்டகம், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே. “சொந்த வீட்டுக்காரரைக் கீழ இறக்கினீங்க, சரி, அது உங்க குடும்ப விஷயம். எங்களையும் சேர்த்தா?”

“நான் ரெண்டு வருஷமா தொண்ணூத்தொம்பதுன்னு நினைச்சிட்டிருந்தேன்” என்றார் மீசை. அவர் குரலில் கோபத்தைவிடத் திகில்தான் அதிகம். “ரெண்டு வருஷம், அண்ணி. மொத்தக் குளிர்காலமும் தொங்கினேன்.”

அவள் அவர்களை உட்காரச் சொன்னாள். மீசையிடம், இரவு என்ன சாப்பிடுவார், எத்தனை மணிக்கு, தேநீரில் எத்தனை கரண்டி என்று கேட்டாள். அவர் கோபத்தை மறந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒட்டகம், இனிப்பே தொடுவதில்லை என்றார். கேட்கக் கேட்க, பிஸ்கட் இனிப்பில் சேராது என்பது அவர் கணக்கு என்று தெரிந்தது.

கான்கிரீட்டில் ஒரே ஒரு கட்டியை உடைத்து முடிவு சொல்ல மாட்டார்கள். மூன்றை உடைத்துச் சராசரி எடுக்க வேண்டும். அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். ஓவன் சூடாகிற வாசனை வந்தது. நாற்பது நிமிடம் கழித்து, பேரிக்காய் போட்ட ஒரு கேக்கை மேசையில் வைத்து, அளவுகோல் வைத்து மூன்று துண்டு வெட்டி, “இதுல எண்ணெய் கிடையாது” என்று மூன்று தட்டில் போட்டு, மீதியைக் காகிதத்தில் சுற்றிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

மீசை கடித்தார். மென்றார். “எண்ணெயே இல்லைங்கறீங்களா?”

“இல்ல.”

“பின்ன எப்படி நிக்குது?”

அவள் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்தாள். “நீங்க முதல்ல சொல்லுங்க. நாக்குல ஒட்டுதா, உதிருதா?”