நான்காம் மாடித் தட்டுகள்

மெவ்லிதாவுக்கு ஐம்பத்தாறு வயது. அதில் இருபத்தாறு வருஷம் போஸ்னியாவின் துஸ்லா நகரப் பேருந்து நிலையத்தின் மூன்றாம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே போய்விட்டது. சரயேவோவுக்கு முதல் பஸ் எப்போது, பனி விழும் நாளில் எந்த டிரைவர் தாமதமாக வருவான், எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னால்தான் எரிச்சல் வரும். இடது முழங்கால் அப்படி. குடியிருப்பதோ நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவாள். அந்தப் பையில் தேட ஒன்றுமில்லை என்பது கட்டடம் முழுக்கத் தெரியும்.

நவம்பரில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முழங்கால் மூட்ட மாத்தித்தான் ஆகணும். மே மாசக் கடைசியில ஒரு நாள் இருக்கு, எழுதி வைக்கிறேன். ஆனா தொண்ணூத்தி நாலு கிலோவுக்கு மேல வந்தீங்கன்னா கத்திய எடுக்க மாட்டேன். அப்புறம் ஒன்றரை வருஷம் காத்திருக்கணும்."

அன்றைக்கு அவள் நூற்றிரண்டு. ஒன்றரை வருஷம் கழித்து அந்தப் படியை ஏற முடியுமா, இல்லை நான்காம் மாடியிலேயே அடைந்து கிடக்க வேண்டியதுதானா என்று யோசித்தபடி அன்று அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு மடங்கு நேரம் பையைத் துழாவினாள்.

சுகாதார நிலையத்தில் செவ்வாய்தோறும் எடை குறைப்பவர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. அதை நடத்திய நர்ஸ் அம்ரா வயதில் சின்னவள், சட்டத்தில் பெரியவள். தனியாக வந்தால் சேர்க்க மாட்டாள், ஜோடியாகத்தான் வர வேண்டும். தராசு பழைய மாதிரி. கம்பியில் இரும்புக் குண்டை நகர்த்தி நிறுத்துவது ஜோடியின் வேலை. எடையை எல்லார் காதிலும் விழும்படி வாசிப்பதும் ஜோடியின் வேலை. "நம்ம நம்பர நாமே வாசிச்சா நாக்கு வழுக்கும்" என்பாள் அம்ரா.

மெவ்லிதா எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே இருந்தவள் ஷெஃபிகா. முடிவெட்டும் கடையில் வேலை, கணவன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேருக்கும் பதினெட்டு வருஷப் பழக்கம்.

"நான் எங்கடி குண்டா இருக்கேன்?" என்றாள் ஷெஃபிகா.

"எண்பத்தோரு கிலோவ வெச்சுக்கிட்டு கேக்கற கேள்வியப் பாரு. எனக்காக வாடி. ஜோடி இல்லாம அந்தப் பொண்ணு உள்ளயே விடமாட்டேங்குறா."

"உனக்காகத்தான் வரேன். ஆனா ஏரியச் சுத்தி நடக்கறப்போ டிக்கெட் வாங்க வந்தவங்க கதையெல்லாம் சொல்லக் கூடாது."

இப்படித்தான் ஆரம்பித்தது. வேலை முடிந்ததும் ஊர் நடுவில் இருக்கும் உப்பு ஏரியை இருவரும் சுற்றி வந்தார்கள். மெவ்லிதா ரொட்டியை விட்டாள், காபியில் சர்க்கரையை விட்டாள், இறைச்சிக்குப் பதில் முட்டைக்கோஸ் சூப்பைக் குடித்துக் குடித்து அதன் வாடையைக் கண்டாலே முகம் சுளித்தாள். ஜனவரி முடியும்போது தொண்ணூற்றெட்டு. நாலு கிலோ. கூட்டத்தில் கை தட்டினார்கள்.

பிறகு ஷெஃபிகா தராசில் ஏறினாள். மெவ்லிதா குண்டை நகர்த்தினாள். அது நிற்கவில்லை. இன்னும் நகர்த்தினாள்.

"எழுபத்தி நாலு" என்று வாசித்தாள். ஏழு கிலோ. வாசித்த வாய் கசந்தது.

கூட்டம் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார். அம்ரா ஷெஃபிகாவைக் கட்டிக்கொண்டாள். மெவ்லிதாவும் சிரித்துக்கொண்டே கை தட்டினாள். வயிறு எரிந்தது. அதற்கு வேறு பெயர் வைத்து என்ன பயன்? இவளுக்கென்ன, இவளுக்கா முழங்கால், துணைக்கு வந்தவளுக்கு ஏழு, தவிக்கிறவளுக்கு நாலா என்று மனசு பொருமியது.

அதன்பின் கண்ணில் பட்டதெல்லாம் அதுவாகவே இருந்தது. ஷெஃபிகாவின் கோட்டு பெல்ட்டில் புதுசாக ஒரு துளை. ஷெஃபிகாவின் தாடைக்குக் கீழே இத்தனை நாள் காணாமல் போயிருந்த கழுத்து. எல்லாவற்றையும்விடக் கொடுமை அவள் படியேறும் சத்தம். ஒரு திருப்பத்திலும் நிற்காமல், டக் டக் என்று நாலு மாடியும் ஏறி, சாவி திரும்பிவிடும். சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் மெவ்லிதா பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள்.

கெட்ட எண்ணம் என்றைக்கு வந்தது என்று கேட்டால் அவளால் நாள்கூடச் சொல்ல முடியும். பிப்ரவரி முதல் திங்கள், மத்தியானம். பஸ் டிரைவர் ஒருவன் ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் கேட்டான்: "உங்ககூட ஏரிய சுத்தி நடக்கறாங்களே, ஒல்லியா ஒரு அம்மா, யாருங்க அவங்க? தனியாத்தான் இருக்காங்களா?"

இருபத்தாறு வருஷத்தில் அந்த ஜன்னல் வழியாக மெவ்லிதாவைப் பற்றி ஒருத்தனும் இப்படி விசாரித்ததில்லை.

"எனக்குத் தெரியாது. அடுத்த ஆளு வாங்க" என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கிலோ பாலாடைக்கட்டி வாங்கினாள். மாவைக் காகிதம் போல் இழுத்து விரித்து, கட்டியையும் முட்டையையும் வைத்து உருட்டி, தட்டு நிறைய பீத்தா சுட்டாள். மேலே தாராளமாகப் பாலேடு தடவினாள். வெந்த வாசனை மாடிப்படி முழுக்க இறங்கியது. நீல விளிம்புத் தட்டில் அடுக்கி எதிர் வீட்டுக்குக் கொண்டு போனாள்.

"இன்னிக்கு என்னமோ சுடணும்னு தோணிச்சு. நீ தனியா இருக்கியேன்னு எடுத்துட்டு வந்தேன்."

ஷெஃபிகா தட்டையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "எனக்காகவாடி?" என்றாள்.

மெவ்லிதாவுக்கு ஒரு நிமிஷம் சங்கடமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான். மறுநாள் எடை பார்க்கிற நாள்.

அந்த ஊரில் பக்கத்து வீட்டிலிருந்து வந்த தட்டைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். காலித் தட்டு வந்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம். பேச்சுவார்த்தையே நின்றுபோன குடும்பங்கள் உண்டு. இது மெவ்லிதாவுக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் பொறாமை தலைக்கேறினால் தட்டு போகிற பாதைதான் கண்ணுக்குத் தெரியும், வருகிற பாதை தெரியாது. இரண்டாம் நாள் நீல விளிம்புத் தட்டு திரும்பி வந்தது, பாகில் ஊறிய பாதாம் கேக்கோடு.

மெவ்லிதாவின் கணவன் மிர்சாத்துக்குச் சர்க்கரை வியாதி. பக்கத்து வீட்டுக்காரி கையால் செய்ததைக் குப்பையில் போடுவது பாவம். மீதி யார் இருக்கிறார்கள்?

அடுத்த திங்களன்று உருளைக்கிழங்கு பீத்தா போனது. புதனன்று வால்நட் அடைத்த ஆப்பிள் வந்தது. அதற்கடுத்த திங்களன்று இறைச்சி வைத்தது போனது, பாகு சொட்டும் பக்லவா வந்தது. போகிற தட்டு நிறைய நிறைய, வருகிற தட்டும் குவிந்தது. மார்ச் ஆரம்பத்தில் நீல விளிம்புத் தட்டு போதவில்லை என்று, ரோஜாப்பூ போட்ட தன்னுடைய பெரிய தட்டிலேயே பக்லவாவை அடுக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள் ஷெஃபிகா.

"எவ்வளவு பெரிய மனசு அந்தப் பொண்ணுக்கு" என்றான் மிர்சாத்.

"ஆமா, மனசு ஒண்ணுதான் பெருசா இருக்கு. மத்ததெல்லாம் சுருங்கிப் போச்சு" என்று சொல்லிவிட்டு மெவ்லிதா இன்னொரு துண்டை எடுத்தாள்.

பிப்ரவரிக் கூட்டங்களில் இரண்டு பேர் எடையும் பெரிதாக அசையவில்லை. பிறகு அம்ராவுக்குக் காய்ச்சல் என்று இரண்டு செவ்வாய் கூட்டம் நடக்கவில்லை. மூன்றாம் செவ்வாய் மெவ்லிதா தராசில் ஏறினாள். ஷெஃபிகா குண்டை நகர்த்தினாள். நகர்த்திவிட்டு வாசிக்காமல் நின்றாள்.

"வாசிங்க அக்கா" என்றாள் அம்ரா.

"நூறரை."

அந்த அறையில் யாருக்கும் மே மாதத்தைப் பற்றி நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. அடுத்து ஷெஃபிகா ஏறினாள். எழுபத்தொன்று. இந்தத் தடவை கை தட்டல்கூடத் தயங்கித் தயங்கித்தான் வந்தது. மெவ்லிதாவுக்கு அது இன்னும் வலித்தது.

ஏரிக்கரை பெஞ்சு வரைக்கும் அடக்கிக்கொண்டிருந்தாள். அங்கே வெடித்தது.

"எப்படிடி? ஒரு கிலோ கட்டி, பன்னெண்டு முட்டை, ஏடு! அத்தனையும் தின்னுட்டு எப்படிடி இளைக்கற?"

"நான் ஒரு துண்டுகூடத் தின்னல."

"என்னது?"

"எல்லாம் கடைக்குப் போச்சு. எங்ககூட வேலை பாக்கற பொண்ணு ஒருத்திக்கு நாலு கிலோ ஏறிடுச்சு. உனக்கு நன்றி சொல்லச் சொன்னா."

ஷெஃபிகா நிறுத்தவில்லை.

"முதல் தட்டு வந்தப்போ உக்காந்து அழுதேன். அவர் போனதுக்கப்புறம் எனக்குன்னு ஒருத்தர் சுட்டுக் குடுத்தது அதுதான். ரெண்டாவது தட்டும் திங்கக்கிழமையே வந்துச்சு. மூணாவதும் திங்கக்கிழமை. நானும் நாள எண்ணத் தெரிஞ்சவதான் மெவ்லிதா."

"தெரிஞ்சே எனக்கு அனுப்பினியா?"

"வெறும் தட்ட எப்படி அனுப்பறதுன்னு மொதல்ல அனுப்பினேன். அப்புறம் கோவத்துல அனுப்பினேன். அந்தப் பக்லவாவுல பாகு ரெண்டு பங்கு ஊத்தினேன்." அவள் மெவ்லிதாவின் காலைப் பார்த்தாள். "உன் முழங்கால நெனைக்கவே இல்ல. நெனைச்சிருக்கணும்."

"நீ ஏன் நெனைக்கணும்? நாந்தானே ஆரம்பிச்சேன். எனக்குப் பொறாமைடி. நீ படியேறற சத்தம் கேட்டாலே வயிறு எரியுது. எனக்குத் துணையா வந்துட்டு எனக்கு முன்னாடி போயிட்டியேன்னு எரியுது."

"எனக்கு மட்டும் இல்லையா?" என்று திரும்பினாள் ஷெஃபிகா. "சாயங்காலமானா சுவர் வழியா கேக்குது. ஸ்பூன் சத்தம், மிர்சாத் ஏதோ சொல்றது, நீ சிரிக்கறது. நான் இளைச்சதுக்கு என்ன மந்திரம்னு நெனைச்ச? தட்டப் போட்டுக்கிட்டு தனியா உக்காந்தா ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது. இதுக்குத்தான் எல்லாரும் கை தட்டறீங்க."

அவள் எழுந்து நடந்துவிட்டாள். மெவ்லிதாவால் பின்னால் ஓட முடியவில்லை. ஓடுகிற கால் இருந்தால் இத்தனையும் எதற்கு நடந்திருக்கப் போகிறது.

மூன்று நாள் பேச்சில்லை. எதிர் வீட்டுச் சாவி சத்தம் கேட்டது, டக் டக் கேட்டது. மெவ்லிதா பாத்திரத்தை ணங்கென்று வைக்கவில்லை. இத்தனை நாளும் எதைப் பார்த்து எரிந்தோம் என்று நினைத்து நினைத்து அவமானமாக இருந்தது. அதிலும் கொஞ்சம் எரிச்சல் மிச்சம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், எழுபத்தொன்று எழுபத்தொன்றுதானே.

ரோஜாப்பூத் தட்டு சமையலறை மேஜையிலேயே கிடந்தது. சனிக்கிழமை காலை அதை எடுத்தாள். பழக்கத்தில் கை மாவு டப்பாவைத் திறந்துவிட்டது. மூடினாள். ஆப்பிள் இரண்டு வைக்கலாமா என்று பார்த்தாள். அதையும் எடுத்துவிட்டாள். தட்டைக் கழுவினாள், துணியால் துடைத்தாள், அப்படியே எடுத்துக்கொண்டு எதிர் வீட்டு மணியை அடித்தாள்.

அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடி ஹய்ரியா துணி காயப்போட மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். கட்டடத்தின் செய்திகளெல்லாம் அவள் வாய் வழியாகத்தான் போகும். காலித் தட்டைக் கண்டதும் கூடையோடு படியிலேயே நின்றுவிட்டாள்.

கதவு திறந்தது. ஷெஃபிகா தட்டைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் மெதுவாக. "பதினெட்டு வருஷம்..."

"பேசாம கேளுடி. இதுல நான் ஒண்ணும் வெக்கல. இனிமே வெக்கவும் மாட்டேன், நீயும் எனக்கு வெக்காத. சாயங்காலம் ஏழு மணிக்கு இந்தத் தட்ட எடுத்துக்கிட்டு நீயே வா. முட்டைக்கோஸ் சூப்புதான். நாத்தம் குடலப் பொரட்டும். மூணு பேரும் உக்காந்து குடிப்போம்."

ஷெஃபிகா தட்டை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள், உள்ளே போய் அழுவதற்கு.

படியில் நின்ற ஹய்ரியாவுக்கு மேலே நடந்த பேச்சு சரியாகக் காதில் விழவில்லை. தட்டு மட்டும்தான் கண்ணில் பட்டது, கதவு சாத்தியதும் பட்டது. மத்தியானத்துக்குள் நாலு மாடிக்கும் தெரிந்துவிட்டது, அந்த இரண்டு பேருக்கும் தீர்ந்தது என்று.

அன்று ஏழு மணிக்கு ஷெஃபிகா வந்தாள். மறுநாளும் வந்தாள். மெவ்லிதா இரண்டாம் தட்டு கேட்டால் ஷெஃபிகா முறைப்பாள். ஷெஃபிகா மூன்று கரண்டிக்குக் குறைவாகக் குடித்தால் மெவ்லிதா விடமாட்டாள். ஏப்ரல் முடிவதற்குள் ஷெஃபிகாவுக்கு இரண்டு கிலோ ஏறியது. செவ்வாய்க் கூட்டத்தில் "எழுபத்தி மூணு" என்று வாசித்தபோது மெவ்லிதா மட்டும் கை தட்டினாள். அம்ரா முறைத்தாள்.

மே மாதக் கடைசியில் டாக்டர் அறையில் தராசு தொண்ணூற்று நாலரை காட்டியது.

"செருப்பக் கழட்டு" என்றாள் பின்னாலிருந்து ஷெஃபிகா. "ஸ்வெட்டரயும்."

தொண்ணூற்று நாலு. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அறுவை முடிந்து ஒன்பதாம் நாள், ஊன்றுகோலோடு மெவ்லிதா படியேறினாள். ஒரு திருப்பத்துக்கு ஒரு முறை நின்றாள். பையைத் தேடுகிற பாவனை செய்ய வழியில்லை, பை ஷெஃபிகா தோளில் இருந்தது. மூன்றாம் மாடியில் ஹய்ரியா கதவைத் திறந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசறதில்லன்னாங்களே?"

"பேசறதில்லதான்" என்றாள் ஷெஃபிகா, மெவ்லிதாவின் கைக்குக் கீழே தோளைக் கொடுத்தபடி. "சாப்பிட மட்டும் போவேன்."

மெவ்லிதா அவளுடைய மெல்லிய கழுத்தை இத்தனை கிட்டத்தில் பார்த்தாள். கொஞ்சம் எரிந்தது. அந்தத் தோளையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள்.