வீரபத்திரன் சுழற்றிய தலை

மாசி மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். அதில் வீரபத்திரன் வேடம் எனக்கு. விரதமிருந்து நிற்பேன், தப்புப் பறையின் சத்தம் ஏறியதும் சாமி இறங்கித் தலையைச் சுழற்றி ஆடும். போன வருடமும் ஆடியது. மறுநாள் எழுந்தபோது தாடையிலிருந்து கண்ணுக்குப் பின்னால் வரை இடது முகம் முழுக்க வலி.

நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் உடனே விசாரணை தொடங்கியது. விரதத்தில் நான் எதைத் தின்றேன் என்பதுதான் கேள்வி. கருவாடு என்றார்கள் சிலர், முட்டை என்றார்கள் சிலர். பல்வலியாக இருக்கும் என்றவர் ஒரே ஒருவர். அவருக்கு ஏற்கனவே நாத்திகர் என்று பெயர். நான் ஒன்றையும் தின்னவில்லை. தின்றிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

அடுத்த நாள் இடது இமை தொங்கிவிட்டது. மனைவி என்னை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே யாழ்ப்பாணத்து இளம் பெண் டொக்டர். பற்களைத் தட்டிப் பார்த்தார், குறையில்லை. விளக்கை அணைத்துக் கண்ணில் டோர்ச் அடித்தார். இடது கண்மணி மட்டும் சிறுத்திருக்கிறது என்றார்.

“கழுத்தை ஏதும் பலமா ஆட்டினீங்களோ?”

“இல்லீங்க டொக்டர்.”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. இது முக்கியம்.”

“நான் ஒண்ணுமே செய்யலீங்க.”

பொய்யில்லை. ஆடியது சாமி. அதைப் போய் என் தலையில் கட்டுவது எந்த நியாயம்? மனைவிதான் குறுக்கிட்டாள்.

“இவரு ஆடலீங்க. சாமிதான் ஆடுச்சு. தலைய அந்தச் சுத்து சுத்துச்சு.”

“ஆருடைய தலையை?”

“இவரு தலையத்தாங்க.”

டொக்டர் சிரிக்கவில்லை. கழுத்து வழியாக மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்சுவர் கிழிந்திருக்கலாம், முகவலி அதனால்தான் என்றார். அங்கே உறையும் இரத்தம் மூளைக்குப் போய் அடைத்தால் ஒரு பக்கக் கைகால் விழுந்துவிடும், பேச்சும் போகலாம். உடனே ஸ்கேன் எடுக்கக் கண்டிக்கு அனுப்பினார். அவர் சொன்னது சரிதான் என்று பிறகு ஸ்கேனில் தெரிந்தது.

அம்புலன்ஸ் கினிகத்தேனை வளைவுகளில் இறங்கியபோது மனைவி என் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்திருந்தாள். பயத்தை மறைக்க நான் பகிடி விட்டேன்.

“வழியில சாமி வந்துருச்சுன்னா என்ன பண்ணுவ?”

“வரட்டும். இது எம் புருஷன் தலை, வேற ஆளப் பாருன்னு சொல்லிருவேன்” என்றாள்.

சூடம் ஏற்றும்போதுகூட சாமி முன்னால் சத்தமாகப் பேசாதவள் அவள்.